கெல் நோஸ்கே பார்க்காத திமிங்கிலம்

எங்கள் கடலோர ஊரான கார்னெட் பேயில் திமிங்கிலத்தைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கெல் நோஸ்கேயைத்தான் கை காட்டுவோம். தாய் எப்படி மல்லாந்து படுத்துக் குட்டியை வயிற்றின்மேல் ஏற்றிக்கொள்ளும், தலையில் இருக்கும் வெள்ளைத் தடிப்புகள் எப்படித் திட்டுத்திட்டாக இருக்கும், வால் தண்ணீருக்குள் இறங்கும்போது எவ்வளவு நிதானமாக இறங்கும் என்றெல்லாம் மதுக்கடை மேசையில் பியர் கோப்பையை நகர்த்தி நகர்த்திக் காட்டுவார். வெளியூர்க்காரர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் அவரவர் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்போம். ஏனென்றால் கெல் நோஸ்கே தன் வாழ்நாளில் ஒரு திமிங்கிலத்தைக்கூடப் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் இருபது வருடத்துக்கு மேலாக, எங்கள் பக்கத்தில் குளிர்காலமான ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊர்ப் பொது பஸ்ஸில் எங்களை ஏற்றிக்கொண்டு கரையோரமாக மேற்கே ஓட்டிப்போய்த் திமிங்கிலம் காட்டிவிட்டு வருபவர் அவர்தான். பாறை முகட்டின் விளிம்பு வரை பஸ் போகும். அங்கிருந்து கடலின் தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரநடைபாதையில் நாங்கள் போவோம். கெல் போகமாட்டார். அவருக்கு உயரம் ஆகாது. வீட்டில் பல்பு மாற்றவே பக்கத்து வீட்டு பெரில் பாஸ்கோவைக் கூப்பிடுகிற ஆள். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் தெரியாதவரும் யாரும் இல்லை.

காரணம் மட்டும் வருடா வருடம் மாறும். ஒரு வருடம் முழங்கால். ஒரு வருடம் காக்கைகள் வைப்பர் ரப்பரைக் கொத்தித் தின்கின்றன, வண்டிக்குக் காவல் வேண்டும். இன்னொரு வருடம், "நான் வந்தா அதுங்களுக்குக் கூச்சமா இருக்கும்" என்றார். நாங்கள் எல்லாக் காரணங்களையும் தலையாட்டி ஏற்றுக்கொள்வோம். மற்ற விஷயங்களில் ஒருவர் முகத்துக்கு நேராக ஒருவர் பேசுவதைப் பெரிய குணமாகச் சொல்லிக்கொள்கிற ஊர் இது. இந்த ஒன்றில் மட்டும் எல்லோரும் சேர்ந்து பொய்யர்களாக இருந்தோம்.

பார்த்துவிட்டுத் திரும்பியதும் கெல் ஒவ்வொருவரையும் பிடித்து விசாரிப்பார். எந்தப் பக்கமிருந்து வந்தது, குட்டி தாய்க்கு இடதா வலதா, மூச்சு விட்டபோது நீர்ப்புகை எவ்வளவு உயரம் போனது. இப்படி எங்களிடமிருந்து துண்டு துண்டாக வாங்கி, அவர் மனத்துக்குள் ஒரு முழுத் திமிங்கிலத்தைக் கட்டி வைத்திருந்தார். உண்மையில் பார்த்த எங்களைவிட அவருடையது நன்றாகவே இருந்தது.

போன வருடம் டாக்டர் அவருடைய கண்ணைச் சோதித்துவிட்டு, பஸ் ஓட்டும் உரிமத்தை இனிமேல் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த ஆகஸ்ட் பயணம்தான் கடைசி. பயணியாக வரலாமே என்று கேட்பீர்கள். பயணியாக வந்தால் எந்தக் காரணத்தைச் சொல்லி பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பது?

புறப்படுவதற்கு முதல்நாள் பெரிலின் வேலியோரம் நின்று, குப்பைத்தொட்டியைப் பார்த்தபடி சொன்னாராம்: "ஒரே ஒரு தடவை பார்த்துட்டா போதும், பெரில்."

பெரில் அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் நார்ம் ஹேக்கட்டிடமும் தவிர. நார்ம் சிப்பிப் பண்ணை வைத்திருந்து விட்டவர். வாயை மட்டும் விடவில்லை. காலையில் பஸ் ஏறும்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் வானிலையைப் பற்றி மட்டும் பேசினோம்.

பயணத்தின் முதல் நாள் முழுக்கக் கடல் எங்கள் இடக்கைப் பக்கம் கூடவே வந்தது. எங்கள் கரையில் சாலை கடலைவிட்டு விலகுவதும், மனசு கேட்காமல் திரும்பி வருவதுமாகத்தான் போகும். விலகும்போது உப்புப்புதர், கோதுமை வயல், தகரக் கூரை. திரும்பும்போது ஒரு மேட்டைத் தாண்டியவுடன் நீலம் அப்படியே முகத்தில் அடிக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள். இருந்தாலும் ஒவ்வொரு மேட்டிலும் பஸ்ஸுக்குள் பேச்சு அறுந்துவிடும். நார்ம்கூட ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பிறகு எங்கே விட்டோம் என்று எங்களைக் கேட்பார். எங்களுக்கு ஞாபகம் இருந்தாலும் சொல்லமாட்டோம்.

கெல்லின் கண் சாலையில்தான். எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைப்பார். விரலைத் தூக்காமல் போகிறவன் நகரத்தான். பின்னால் எழும் கூச்சலை வைத்தே வெளியே என்ன தெரிகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பெண்கள் "ஐயோ, செல்லம்" என்றால் கடற்சிங்கக் குட்டி. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து வண்டி முனகினால் டால்ஃபின். நார்ம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அங்கே ஒன்றுமே இல்லை.

இந்தக் கரையின் மிருகங்களைக் கெல் உயிரோடு பார்த்ததைவிடச் செத்துப் பார்த்ததுதான் அதிகம். சாலையில் கிடப்பவை மட்டும்தானே ஓட்டுநருக்குச் சொந்தம்.

அன்று மத்தியானம் மட்டும் ஒரு விதிவிலக்கு. வளைவு ஒன்றைத் தாண்டியதும் சாலைக்கு நடுவில் ஒரு ஈமு நின்றது. அதன் காலடியில் கோடு போட்ட குஞ்சுகள், யாரோ பைஜாமா மாட்டிவிட்டதுபோல. கெல் வண்டியை நிறுத்தி இன்ஜினையும் அணைத்தார். அது அப்பன். ஈமுவில் முட்டையை அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது அப்பன்தான். அம்மா முட்டையிட்ட கையோடு கிளம்பிவிடுவாள். அவன் எங்களை ஒருமுறை, வரி கட்டாதவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு நடந்தான். குஞ்சுகள் ஓடின. கடைசிக் குஞ்சு தார்ச்சாலையின் சூடு பிடித்துப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அப்பன் திரும்பி வந்தான். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு உறுமல், தூரத்தில் பீப்பாய் உருள்வதுபோல. குஞ்சு எழுந்து ஓடியது. யாரும் படம் எடுக்கவில்லை. படமெடுக்க வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை.

"என் அப்பா இப்படி ஒரு தடவை உறுமியிருந்தா நானும் உருப்பட்டிருப்பேன்" என்றார் நார்ம்.

"உறுமியிருப்பார். நீ பேசிட்டு இருந்திருப்ப" என்றாள் பெரில்.

இரவு ஒரு சாலையோர விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் விடிந்தபின் சமவெளிக்குள் போனோம். அங்கே மரம் கிடையாது. பூமி முழுவதும் வானத்துக்கே விட்டுக்கொடுக்கப்பட்ட இடம். அங்கேதான் சாலையோரம் ஒரு வாம்பேட் கிடந்தது, கங்காருபோல வயிற்றில் பை உள்ள, வளை தோண்டும் மிருகம். பன்றிக்குட்டி அளவு, குட்டைக் கால்கள். ராத்திரியில் ஏதோ லாரி அடித்திருக்கிறது.

கெல் வண்டியை ஓரம் கட்டினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் சாலையில் ஒரு மிருகம் செத்துக் கிடந்தால் இறங்கிப் பார்ப்பது வழக்கம். பெட்டையா, பை இருக்கிறதா, பைக்குள் உயிர் இருக்கிறதா. பார்த்தபின் உடலை இழுத்துத் தள்ளிப் போடுவோம், தின்ன வரும் கழுகுகள் அடுத்த லாரியில் அடிபடாமல் இருக்க. பிறகு உடல்மேல் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி. பார்த்தாயிற்று, நீ போகலாம் என்று பின்னால் வருபவனுக்குச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாதவர்கள்கூட இதை விடமாட்டார்கள்.

கெல் மண்டியிட்டு வாம்பேட்டின் பின்பக்கமாகக் கையைவிட்டார். அதன் பை பின்னோக்கித் திறக்கும். அம்மா வளை தோண்டும்போது குட்டி மண் தின்னாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. கொஞ்ச நேரம் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண் பெரிதானது.

"சூடா இருக்கு" என்றார்.

வெளியே வந்தது உள்ளங்கைக்குச் சற்றே பெரிய ஒரு ஜீவன். ரோஜா நிறத் தோலில் இப்போதுதான் முளைக்கத் தொடங்கிய வெள்ளி முடி. கண் திறந்திருந்தது. உலகத்தை முதன்முதலாகப் பார்க்கிற கண்ணுக்கு முன்னால் கெல்லின் முகம். பாவம், வேறு வழியில்லை. கெல் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அதற்குள் குட்டியை வைத்து, ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு சேர்த்துவைத்தார்.

நாங்கள் சுற்றி நின்றோம். நார்ம் கையை நீட்டினார். "கொஞ்ச நேரம் நான் வச்சிக்கிறேன்பா. நீ வண்டி ஓட்டணும்ல."

"தொடாதே!" கெல் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதில்லை. "கை மாறினா அதுக்குப் பயத்துலயே உயிர் போயிடும். யார் சூட்டுல முதல்ல அடங்குச்சோ அவங்கதான் கொண்டுபோய் வளர்க்கிறவங்க கையில சேர்க்கணும். நடுவுல யாரும் தொடக் கூடாது. இது விதி. புரியுதா எல்லாருக்கும்?"

எல்லோருக்கும் புரிந்தது. பின்னால் நடந்ததற்கு நாங்கள் யாரும் பொறுப்பல்ல என்பதற்காக இதைக் குறித்துச் சொல்கிறேன்.

முகட்டை அடைந்ததும் பெரில் டிக்கெட் கொடுக்கிற கட்டடத்துக்குள் ஓடினாள். அனாதைக் குட்டிகளை வளர்க்கிறவர் யாராவது பக்கத்தில் உண்டா என்று விசாரித்துவிட்டு வெளியே வந்தவளின் முகத்தில் ஒரு மாதிரியான ஒளி. அக்கறையா குறும்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ரோண்டாவே இருக்காளாம், கெல். வாம்பேட் வளர்க்கிறதுல அவளை மிஞ்ச இந்தக் கரையில ஆள் இல்ல."

ரோண்டா அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண். அங்கே வனக்காவலராக இருக்கிறாள்.

"நல்லதாப் போச்சு. வரச் சொல்லு."

"வர முடியாதாம். திமிங்கிலம் எண்ணிட்டு இருக்காளாம். மாத்துறதுக்கு ஆள் வர்ற வரைக்கும் இடத்தைவிட்டு நகரக் கூடாதாம்."

"எங்க இருக்கா?"

பெரில் கையை நீட்டினாள். நடைபாதையின் கடைசி முனையில், கடலுக்கு மேல், காக்கிச் சட்டை ஒன்று காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

கெல் பஸ் பக்கம் திரும்பினார். "நான் பஸ்லயே காத்திருக்கேன்."

"சரி" என்றோம். பழக்கம்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்வெட்டருக்குள் கையை வைத்துக்கொண்டார். நாங்களும் போகவில்லை. திமிங்கிலத்துக்காக இவ்வளவு தூரம் வந்துவிட்டு எல்லோரும் பஸ் கதவுக்கு வெளியே இறைச்சி அடைத்த பாஸ்டியைக் கடித்துக்கொண்டு கெல்லின் வயிற்றைப் பார்த்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது.

"அசையல" என்றார். "இவ்வளவு நேரமும் உதைச்சிட்டே இருந்துச்சு. இப்ப அசையல."

"குடு, நான் ஓடிப்போய்க் காட்டிட்டு வரேன்" என்றார் நார்ம்.

கெல் அவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தன் விதியைத் தானே மீறலாமா என்று அவர் யோசித்தது நெற்றியில் தெரிந்தது. நாங்கள் யாரும் உதவவில்லை.

"பெரில்," என்றார், "முன்னால நட. பேசாம நட. நார்ம், நீ பின்னால வா. நீ பேசிக்கிட்டே வா."

அவர் நடைபாதையில் கால் வைத்ததை நான் மறக்கப் போவதில்லை. வலது கை ஸ்வெட்டருக்குள். இடது கை பெரிலின் இடுப்புப் பட்டையில். கண் இறுக மூடியிருந்தது. பலகைகளுக்கு இடையே விரல் நுழைகிற இடைவெளி. அதன் வழியே கீழே வெகு ஆழத்தில் வெள்ளை நுரை பாறையை அறைந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, கேட்டார். ஒவ்வொரு அறைக்கும் தோள் குறுகியது. பின்னால் நார்ம் சிப்பிக்கு வரும் வியாதிகளைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய பேச்சுக்கு ஒரு பயன் உண்டு என்று ஊர் கண்டுகொண்டது அன்றைக்குத்தான்.

"யாரு, பஸ்ஸுக்குள்ள இருக்கிற கெல்லா?" என்றாள் ரோண்டா. "உனக்குக் காலு இருக்குன்னு இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் தெரியுது."

"அசையல" என்றார் கெல், கண்ணைத் திறக்காமல்.

ரோண்டா ஒரு கையைத் தேய்த்துச் சூடாக்கி அவர் ஸ்வெட்டருக்குள் விட்டாள். தலையைச் சாய்த்தாள். நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம்.

"தூங்குது."

"என்ன?"

"தூங்குதுய்யா. உன் நெஞ்சு அடிச்சுக்கிற அடிக்கு அதுக்குத் தாலாட்டு மாதிரி இருக்கு போல. நல்ல சூடு. நல்லா வச்சிருக்க."

கெல் விட்ட பெருமூச்சை நாங்கள் கேட்டோம். உடனே அதற்குப் பதில்போல இன்னொரு மூச்சு கேட்டது.

அதை எப்படிச் சொல்வது? பெரிய கோவில் கதவொன்றை இருட்டுக்குள் யாரோ தள்ளித் திறப்பதுபோல. எங்களுக்கு நேர் கீழே. கெல் கண்ணைத் திறந்துவிட்டார்.

தாய் கீழேயே இருந்தாள். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அவள் மிதப்பதாகத் தெரியவில்லை. கடலின் அடியில் இருந்த கருங்கல் நிலம் எழுந்து வந்து எங்களைப் பார்க்கிறதென்றுதான் தோன்றியது. எங்கள் பஸ்ஸை அவள் முதுகில் நிறுத்தினால் பின்னால் இன்னொரு வண்டிக்கு இடமிருக்கும். பக்கத்தில் குட்டி, குட்டி என்பது ஒரு பேச்சுக்குத்தான். அது தாயின் தலையை இடித்தது, மேலே ஏறியது, வழுக்கியது, மறுபடி ஏறியது. அவள் ஒன்றும் செய்யவில்லை. பிறகு அவசரமில்லாமல், ஒரு தீவு தன் முடிவை மாற்றிக்கொள்வதுபோல், புரண்டு மல்லாந்தாள். குட்டி அவள் வயிற்றின்மேல் கிடந்தது. அவளுடைய இரண்டு பெரிய துடுப்புகளும் தண்ணீருக்கு மேலே எழுந்து, இருபுறமும் விரிந்து, அப்படியே நின்றன.

நார்ம் பேசுவதை நிறுத்தியிருந்தார். கடல்கூட அடித்துக்கொண்டிருந்ததா என்று எனக்கு நினைவில்லை. நான் எத்தனையோ ஆகஸ்டுகளில் அங்கே நின்றிருக்கிறேன். திரும்பிப்போய்க் கெல்லிடம் என்ன சொல்லலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டே பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சும்மா பார்த்தேன்.

மறுபடி அந்த மூச்சு. நீர்ப்புகை இரண்டு கிளையாக எழுந்து, காற்றில் ஏறி, எங்கள் முகங்களில் ஈரமாக விழுந்தது. அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். யாரும் துடைத்துக்கொள்ளவில்லை.

"இவ்வளவு பெருசுன்னு யாரும் சொல்லலையே" என்றார் கெல். குரல் கேட்கவே இல்லை, உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

"இருபது வருஷமா சொல்லிக்கிட்டுத்தானே இருக்கோம், கண்ணு" என்றாள் பெரில்.

"இல்ல. நீங்க அளவைச் சொன்னீங்க. இதைச் சொல்லல."

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. ரோண்டாவை மாற்ற ஆள் வந்தார். அவள் கெல்லின் ஸ்வெட்டருக்குள் கைவிட்டுத் தொப்பியோடு குட்டியை எடுத்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனாள். கை மாறியதைக் குட்டி கவனிக்கவில்லை. கெல்லும் கவனிக்கவில்லை. கீழே தாய் பார்வையிலிருந்து விலகி ஆழத்துக்குள் இறங்கும் வரை அவர் கைப்பிடிக் கம்பியின்மேல் வயிற்றைச் சாய்த்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாய் போனபின் அங்கே வெறும் தண்ணீரும், தண்ணீருக்கும் அவருக்கும் நடுவே இருந்த தூரமும் மட்டும் மிச்சம். அவர் முகம் மாவுபோல் வெளுத்ததை முதலில் பார்த்தது பெரில்தான்.

"பெரில்" என்றார், அசையாமல். "நான் எங்க நிக்கிறேன்?"

"நல்ல இடத்துலதான். கண்ணை மூடிக்கோ."

போன மாதிரியே திரும்பி வந்தோம், சிப்பி வியாதி மட்டும் புதிய அத்தியாயம். பஸ் படியில் உட்கார்ந்து தேநீரைக் குடிக்கப் பார்த்தார். கோப்பை ஆடியதில் பாதி சட்டையில். சாவியை எடுத்து பெரிலிடம் நீட்டினார். அறுவடைக் காலத்தில் கோதுமை லாரி ஓட்டியவள் அவள், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

கெல் உள்ளே ஏறி, ஓட்டுநர் இருக்கையைத் தாண்டி, ஒரு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்தார்.

சமவெளியைத் தாண்டுவதற்குள் எங்களுக்கு அவர் தொல்லை தாங்கவில்லை. கழுகு, கழுகு என்று கத்தினார். கங்காரு என்றார். வானத்தின் ஓரத்தில் ஒரு மேகத்தைக் காட்டி, நார்மின் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். தூங்கலாம் என்று கண்ணை மூடினவர்களையெல்லாம் எழுப்பினார்.

"நிறுத்து, பெரில்! நிறுத்து! அங்க பாரு, புதருக்குப் பக்கத்துல, படுத்திருக்கு!"

பெரில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். பஸ் முழுவதும் பார்த்தது.

"கெல், அது மரக்கட்டை."

கெல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"எவ்வளவு நல்ல மரக்கட்டை" என்றார்.